பதினேழு பல்பு போன ஊடு

பதினேழு தம்பி. நீங்க எண்ணுனது சரிதான். அட்டப்பொட்டிய மூடி வச்சிடுங்க, பல்லி ஏறுது. ஒவ்வொரு பல்பு கழுத்துலயும் மார்க்கர்ல தேதி போட்டிருக்குது பாருங்க. மேல இருக்கறது மாட்டுன தேதி, கீழ இருக்கறது போன தேதி. எல்லாம் எங்க ஊட்டுக்காரரு எழுத்துதான். யூனியன் ஆபீஸ்ல முப்பத்திநாலு வருஷம் எழுதுன கையி, முத்து முத்தா இருக்கும்.

அந்த ஸ்டூலு வேணாம், கால் ஆடுது. சேர்ல உக்காருங்க. பத்து மணிக்குப் போன கரண்டு பன்னண்டுக்குத்தான் வரும், அதுவரைக்கும் எந்தப் பல்ப போட்டுப் பாக்கப் போறீங்க? பல்ப பாத்து ரிப்போர்ட்டு எழுதச் சொல்லி ஒங்கள அனுப்புன கடலூரு கோர்ட்டுக்காரங்களுக்கு இது தெரிய வேணாமா? நெய்வேலிய பக்கத்துல வச்சிகிட்டு நாங்க பனையோல விசிறியில வீசிகிட்டு கெடக்கறோம். அவரும் இப்ப கீரப்பாளையத்துல ஜெராக்ஸ் கடை வாசல்லதான் நிப்பாரு, அங்கயும் இதே கதைதான். காலையில வெள்ளனவே போய் எடுத்தாந்துடுங்க, கோர்ட்டுலருந்து வக்கீலு வர்ற நேரத்துல அலைய வேணாம்னு சொன்னேன். ஒனக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம இருன்னாரு. பேசாமதான் இருந்தேன். நல்லா நிக்கட்டும் வெயில்ல.

இந்த சிஎஃப்எல் பல்பு எத்தன நாளு தாங்குதுன்னுதான கேட்டீங்க? அது யாரக் கேக்குறீங்கன்றதப் பொறுத்தது. பொட்டியில ஆறாயிரம் மணி நேரம்னு போட்டிருக்கான். கடைக்காரரு கண்ண மூடிகிட்டு வாங்கிட்டுப் போங்க, மூணு வருஷம் எரியும்னாரு. எங்க ஊட்டுக்காரரு நாளைக்கு நாலு மணி நேரம் எரிச்சா நாலு வருஷம் வரணும்னு எனக்குப் பாடமே எடுத்தாரு. ஆனா இந்தப் பொட்டியில கெடக்கறது ஒண்ணும் ரெண்டு மாசத்தத் தாண்டல. சமையக்கட்டுல மாட்டுனது ஒண்ணு பதினெட்டாம் நாளே கருகிப்போச்சு. அது கொஞ்சம் நோஞ்சான் போலருக்குது.

இல்ல இல்ல, குடிங்க, டீ ஆறிடும். நான் ஒண்ணும் மறைக்கல. நீங்க எழுதறத எழுதிக்கிங்க.

மொதல்ல நாலு பல்பு போனப்ப அவரு சிரிச்சிகிட்டேதான் மாத்தியாந்தாரு. சிதம்பரம் மேல வீதியில கொளஞ்சியப்பன்னு ஒருத்தரு எலக்ட்ரிக் கடை வச்சிருக்காரே, அங்கதான் வாங்குனது. ஒரு வருஷம் கேரண்டி. அந்த மனுசனும் தட்டாம புதுசு குடுத்தாரு. அஞ்சாவதுக்கு மொகத்த சுளிச்சாரு. ஏழாவதுக்கு, சார், தப்பா நெனைக்காதீங்க, ஒங்க ஊட்டு லைன்ல ஏதோ கோளாறு இருக்குதுன்னாரு. அவ்வளவுதான். யூனியன் ஆபீஸ் ராமாமிர்தத்துகிட்ட கோளாறுன்ற வார்த்தைய ஒருத்தன் சொல்லலாமா? கடை வாசல்ல நின்னு கத்தி, பஸ்ஸுக்குப் போற சனமெல்லாம் நின்னு வேடிக்க பாத்துதாம். எங்கிட்ட வந்து பெருமையா சொன்னாரு.

அப்புறம் லைன்மேன கூட்டியாந்து வோல்டேஜ் பாத்தாரு. சரியா இருந்துச்சு. சின்னையன்னு ஒரு வயர்மேன், அவன வச்சி எர்த்த தோண்டச் சொன்னாரு. உப்பும் கரியும் போட்டு புதுசா எர்த்து போட்டாச்சு. ஹோல்டர மாத்துனாரு. ஸ்டெபிலைசர் வாங்கியாந்தாரு. ஒண்ணுத்துக்கும் கேக்கல. மாட்டுவாரு, தேதி போடுவாரு, கண்ணு வச்சி பாத்துகிட்டே இருப்பாரு, ஒரு நாளு சாயங்காலம் சுவிட்ச போட்டா எரியாது. அப்ப அவரு மொகத்தப் பாக்கணுமே. இந்தக் கையால முப்பது வருஷம் அந்த மனுசனுக்குச் சோறு போட்டிருக்கறேன், அப்புடி ஒரு மொகத்த நான் பாத்ததே இல்ல. ஏமாந்துட்டோம்னு ஒரு மொகம். எனக்கு வயிறு குளுந்துபோவும்.

ஆமா, அப்புடித்தான் சொன்னேன். குளுந்துபோவும்னுதான் சொன்னேன்.

பக்கத்து ஊட்டு சின்னம்மாள், நாங்க மொதமொத வாங்குன அன்னைக்கே, அதே கடையில, அதே டப்பாவுலருந்து நாலு பல்பு வாங்குனா. போய்ப் பாருங்க, நாலும் எரியுது. அவ ஊட்டு பாத்ரூம் பல்புக்கு மேல கூரை ஒழுவுது, அதுவும் எரியுது. இத கம்பெனி வக்கீலு கண்டுபுடிச்சி கோர்ட்டுல சொல்லிட்டாராம். அன்னைலருந்து எங்க ஊட்டுக்காரருக்குத் தூக்கமே இல்ல. தானே புயல் அடிச்சி இருவத்திரண்டு நாளு கரண்டு இல்லாம கெடந்தோமே, அந்த இருவத்திரண்டு நாளும் ஒரு பல்பும் போவலன்னு அதையும் நோட்டுல எழுதி வச்சிருக்காரு. கரண்டே இல்லாதப்ப எப்புடிங்க போவும்? படிச்ச மனுசன் புத்தி போற போக்கப் பாருங்க.

கடை மேலயும் கம்பெனி மேலயும் போட்ட இந்தக் கேஸ் இருக்குதே தம்பி, இதுல அவரு காசுக்காகப் போவல. மானத்துக்காகப் போயிருக்காரு. இந்த ஊர்ல ரோட்டுக்கு மனு, ரேஷனுக்கு மனு, எது போட்டாலும் ஜெயிச்ச மனுசன். ஜெயிச்சி வந்தா கொளஞ்சியப்பன் கடை வாசல்ல தீர்ப்ப ஒட்டப் போறாராம். தோத்துட்டா டீக்கடை பக்கமே போவ முடியாது, சின்னப் புள்ளைங்க கூட பல்பு தாத்தான்னு கூப்புடும். அவரு தோக்கணும். எல்லாரும் பாக்க தோக்கணும். பொண்டாட்டி பேசுற பேச்சா இதுன்னு பாக்குறீங்க. பாத்துக்கிங்க.

எந்தப் பல்பு? வாசப்படிக்கு மேல இருக்கறதா? அதுல என்னா தேதி போட்டிருக்குது? ரெண்டாயிரத்து ஒம்பது, கார்த்திகை. ஆமாம், அதுதான் மொதமொத வாங்குனது. மூணு வருஷம் ஆவப் போவுது, இன்னும் எரியுது. ஒங்களுக்கு நல்ல கண்ணு தம்பி. எங்க ஊட்டுக்காரரு அதப் பாத்துப் பாத்து மண்டையப் பிச்சிக்குவாரு. ஒரே ஊடு, ஒரே லைனு, இது மட்டும் எப்புடி எரியுதுன்னு. பூச்சி அடிக்குது, மழத்தண்ணி தெறிக்குது, ஒண்ணும் ஆவல. நல்ல பல்புதான் தம்பி. எல்லாமே நல்ல பல்புதான். சும்மா வுட்டா மூணு வருஷம் தாராளமா எரியும், எழுதிக்கிங்க.

சும்மா வுடலயே.

நாந்தான் தம்பி. பேனா கீழ விழுந்துடுச்சி பாருங்க, எடுத்துக்கிங்க. பதினேழையும் நாந்தான் கொன்னேன். கல்ல எடுத்து அடிக்கல, தண்ணி ஊத்தல. அவரு சொல்லிக் குடுத்த வித்ததான். பல்பு வாங்கியாந்த அன்னைக்கு பொட்டியில இருக்கறதெல்லாம் எனக்குப் படிச்சிக் காட்டுனாரு. சும்மா சும்மா சுவிட்ச போட்டு நிறுத்தாத, இந்தப் பல்புக்கு அதுதான் ஆவாது, எரிஞ்சிகிட்டு இருந்தா கூட ஒண்ணும் இல்ல, போட்டுப் போட்டு நிறுத்துனா செத்துடும்னாரு. நானும் சரி சரின்னு தலைய ஆட்டுனேன். காலையில ஒம்பதரைக்கு டீக்கடைக்குப் பேப்பர் படிக்கப் போவாரு, வர பதினோரு மணி ஆவும். அவரு சைக்கிளு தெருவத் தாண்டுனதும் நான் சுவிட்ச் போர்டுகிட்ட நிப்பேன். போடுவேன், நிறுத்துவேன். போடுவேன், நிறுத்துவேன். நூத்தியெட்டு. அப்புறம் சோத்துக்கு உல வச்சிட்டு வந்து இன்னொரு நூத்தியெட்டு. கொழம்ப எறக்கிட்டு இன்னொண்ணு. கரண்டு இல்லாத அன்னைக்கு சாயங்காலம் அவரு பம்ப்செட்டுப் பக்கம் போறப்ப. அடி மேல அடி வச்சா அம்மியும் நவுரும்பாங்களே, பல்பு எம்மாத்திரம்? அடியில லேசா கருக்கும், அப்புறம் எரியறப்ப ஒரு துடி துடிக்கும், மறுநாளு அவரு கையாலயே போடுறப்ப போயிடும். அவரு கையாலயே போவணும், அதுல நான் ரொம்ப கவனம்.

கை வலிக்கும். வலிக்காம என்னா? கட்ட வெரலு காப்பு காச்சிப்போச்சு, பாருங்க.

எம்மேல சந்தேகமா? அவருக்கா? தம்பி, அந்த மனுசன் லைன்மேன சந்தேகப்பட்டாரு, கொளஞ்சியப்பன சந்தேகப்பட்டாரு, கம்பெனிய, சைனாக்காரன, எர்த்து போட்ட சின்னையன, அவன் போட்ட உப்பக் கூட சந்தேகப்பட்டாரு. நான் அவரு கணக்குலயே கெடையாது. கோர்ட்டுக்கு எழுதுன மனுவுல பாருங்க, நாலாம் பக்கம். இவ்வீட்டில் மின்சாதனங்களைக் கையாள்பவன் நான் ஒருவனே, வேறு எவரும் இல்லைன்னு எழுதியிருக்காரு. எழுதிப்புட்டு, ரெண்டாவது சாட்சின்னு எம்பேரப் போட்டு, ராசம்மாள்னு கையெழுத்து போடுன்னு நீட்டுனாரு. நான் படிச்சிப் பாத்துட்டுத்தான் போட்டேன். எட்டாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவதான் நானும்.

எதுக்குன்னா கேக்குறீங்க.

எங்களுக்கு ஒரே பொண்ணு. அறிவுமதின்னு பேரு. அவரு வச்ச பேருதான். சிதம்பரத்துல டிடிபி சென்டர்ல வேலைக்குப் போனப்ப ஒரு பையன் கூடப் பழக்கம். சூசைராஜுன்னு, கடலூரு முதுநகரு பையன், வேதக்காரங்க. நல்ல பையன் தம்பி, நான் ஒரு தடவ பாத்திருக்கறேன், பஸ் ஸ்டாண்டுல எம்பைய வாங்கி வச்சிகிட்டு நின்னான். வந்து கேட்டாங்க, இவரு குடுக்க மாட்டேன்னுட்டாரு. அவுங்களே கட்டிகிட்டாங்க. இவரு கெணத்தடிக்குப் போயி நாலு கொடம் தண்ணிய தலையில ஊத்திகிட்டு, எனக்கு மவ இல்ல, தல முழுவிட்டேன்னாரு. போட்டோவ எல்லாம் எறக்குனாரு. நான் அழுதேன், கும்புட்டேன், ஒண்ணும் ஆவல. சரி, ஆம்பள கோவம், ஒரு புள்ள பொறந்தா தணிஞ்சிடும்னு சின்னம்மாளும் சொன்னா, நானும் நம்புனேன்.

புள்ளயும் பொறந்துச்சு. மூணாம் மாசம், ரெண்டாயிரத்துப் பத்து தை மாசம், பொங்கலு முடிஞ்சி நாலாம் நாளு, அவளே தூக்கிகிட்டு வந்துட்டா. தனியா, பஸ்ஸப் புடிச்சி. வெளக்கு வைக்கிற நேரம். அந்த நேரத்துல பகையாளி வந்தா கூட வான்னு சொல்லுவாங்க தம்பி, நம்ம பக்கத்துல வெளக்கு வச்ச நேரத்துல ஒரு பொம்பளப் புள்ளய வாசல்ல நிக்க வைக்க மாட்டாங்க. நான் மாவு சலிச்சிகிட்டு இருந்தேன். கேட்டு சத்தம் கேட்டுது. அவரு யாருன்னு பாக்க வாச லைட்ட போட்டாரு.

இந்தக் கருமாந்தரம் புடிச்ச பல்பு போட்டதும் எரியாது, தெரியும்ல? மொதல்ல அழுவும். மெல்ல மெல்லத்தான் தெளியும். குண்டு பல்பா இருந்தா போட்டவொடன பளிச்சுன்னு எரிஞ்சிருக்கும். அந்த மங்கல்ல அவ நிக்கறது தெரிஞ்சிது. கையில துண்டுல சுத்தி புள்ள. அம்மான்னு கூப்புட்டா. நான் மாவு கையோட ஓடியாறேன், ஆறு எட்டு வச்சிருப்பேனா? அதுக்குள்ள அவரு சுவிட்ச நிறுத்திட்டாரு. கிரில்ல இழுத்துப் பூட்டிட்டு இருட்டுல நின்னுகிட்டு சொல்றாரு.

ஊட்ல யாரும் இல்ல.

நான் அங்கதான் நிக்கிறேன். அவருக்குப் பின்னாடி ஒரு கை தூரத்துல நிக்கிறேன். அவ வெளியில இருந்து, அம்மா, உங்கிட்ட ஒரு வாட்டி புள்ளயக் காட்டிட்டுப் போலாம்னுதாம்மா வந்தேன்னா. நான் சுவிட்சுக்குக் கைய கொண்டுபோறேன், அவரு என் மணிக்கட்டப் புடிச்சிகிட்டாரு. அவ்வளவுதான். புள்ள சிணுங்குச்சு. கேட்ட சாத்திட்டு போயிட்டா. சாத்திட்டுத்தான் போனா, பாருங்க, ஆடு மாடு நொழஞ்சிடும்னு.

அந்த வாசப் பல்ப மட்டும் நான் தொடல. தெனம் சாயங்காலம் நான் போடுறேன், அவ ஒருவேள திரும்பி வந்தா வெளிச்சம் இருக்கணுமேன்னு. மத்ததையெல்லாம் விட்டு வைக்கல. ஒவ்வொரு தட்டுக்கும் வாய்க்குள்ள சொல்லிகிட்டே தட்டுவேன், ஊட்ல யாரும் இல்ல, ஊட்ல யாரும் இல்லன்னு. ரெண்டே முக்கா வருஷமா. கோவம் ஆறலயான்னா, ஆறல தம்பி. ஆற வேணாம்னுதான் தெனம் செஞ்சேன்.

பஸ் ஏறிப் போய் பாத்துட்டு வந்திருக்கலாம்தான். சிதம்பரத்துலருந்து கடலூருக்கு எத்தன பஸ்ஸு ஓடுது. சின்னம்மாள் மவ செல்லுல அவகிட்ட பேசிகிட்டுத்தான் இருக்கறேன், அவளும் வாம்மா, வாம்மாங்கறா. ஆனா கோயிலுக்குப் போறேன்னு பொய்ய சொல்லிட்டு திருட்டுத்தனமா போயி எம்பேத்திய நான் எதுக்குப் பாக்கணும்? என்னா தப்பு பண்ணேன் நானு? பாத்தா அவரு கண்ணு முன்னாடிதான் பாப்பேன். அவரு பாத்துகிட்டு இருக்கறப்ப பாப்பேன். வாயத் தொறக்க முடியாம நிக்கணும் அவரு.

அதனாலதான் தம்பி இவ்வளவையும் ஒங்ககிட்ட சொல்றது. இத ரிப்போர்ட்டுல எழுதிடாதீங்க. எழுதுனா அவரு படிச்சிட்டு மறுநாளே கேஸ வாபஸ் வாங்கிடுவாரு, அவரு சங்கதி எனக்குத் தெரியாதா? ஒரே ஒரு வரி எழுதுங்க போதும். ரெண்டாவது சாட்சி ராசம்மாள கோர்ட்டுல நேர்ல வரவச்சி விசாரிக்கணும்னு. அவ்வளவுதான். பொய் எழுதச் சொல்லல, விசாரிக்கத்தான வேணும்? கூண்டுல ஏத்துவாங்களோ, சும்மா நின்னு சொல்லச் சொல்லுவாங்களோ, எங்க நிக்கச் சொன்னாலும் நிக்கிறேன். யாரு சுவிட்ச போட்டாங்கன்னு கேக்கட்டும். நான்னு சொல்றேன். ஏன்னு கேக்கட்டும். அதையும் சொல்றேன். கொளஞ்சியப்பனும் கேட்டுக்கட்டும், அந்த மனுசன் மேல ஒரு தப்பும் இல்ல. அபராதம் போட்டா போடட்டும். அதுக்கப்பறம் இந்த ஊட்டுல எனக்குச் சோறு இருக்குதா இல்லையான்னு அன்னைக்குப் பாத்துக்கறேன்.

எழுதுறீங்களா? நல்லா இருங்க தம்பி.

அதோ, முக்குல திரும்புறாரு பாருங்க. ஜெராக்ஸ் எடுக்காமதான் வர்றாரு, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. டம்ளர இப்புடிக் குடுங்க. அவரு உள்ள வர்றதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு சொல்லிடுங்க. கோர்ட்டுல பகல்லயும் டியூப் லைட்டெல்லாம் எரியுமாமே, சின்னம்மாள் மவ சொன்னா. சுவிட்செல்லாம் அங்க வேலை செய்யறவங்க கையிலதான இருக்கும், கேஸ் போட்டவங்க தொட முடியாதுல்ல? சரி. மொத பெஞ்சுல பொம்பளைங்க, கொழந்தைங்க உக்காரலாமா? ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே? இல்ல, அறிவுமதி முதுநகர்லருந்து வந்துடுவா, ஜான்சியத் தூக்கிகிட்டு. ஜான்சின்னுதான் பேரு வச்சிருக்குதுங்க. மத்தியானம் ரெண்டு மணி ஆனா புள்ள தூங்கிடுமாம், எழுப்புனா அழுவுமாம். அதான் கேக்குறேன், நம்ம கேஸ காலையிலயே கூப்புடுவாங்களா, இல்ல சாப்பாட்டுக்கு மேலதானா?